எரிசக்தித் துறையில் முனைவர் பட்ட ஆய்வு: வாயில்களும் வழிச்செலவும்

சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் மதுரவாயலைக் கடந்ததும் பூவிருந்தவல்லிக்கு முன்பாக அமைந்துள்ள ஊர் வேலப்பன்சாவடி. சாவடி என்னும் சொல், வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிச் செல்லும் பொது இடத்தைக் குறிப்பதாகும். இன்று அவ்வூரில் பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. மதுரவாயல், ஆவடி, பூவிருந்தவல்லி, திருவேற்காடு எனச் சுற்றியுள்ள பகுதிகளெங்கும் பொறியியல் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நிறைந்துள்ளன. சற்று வடக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை. கல்வியும் தொழிலும் இவ்வாறு ஒருசேர அமைந்த பகுதிகள் தமிழகத்தில் மிகப் பல இல்லை.

இக்கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் பட்டதாரிகளுள் முஸ்லிம் இளைஞர்களும் இளம்பெண்களும் கணிசமாக உள்ளனர். முதுகலையில் வேதியியலோ இயற்பியலோ மின்னியலோ இயந்திரவியலோ பயின்று நல்ல மதிப்பெண் பெற்ற ஒருவர், 'மேற்கொண்டு ஆய்வு செய்ய விரும்புகிறேன்' என்று வீட்டில் சொன்னால் எழும் முதல் வினா அறிவைப் பற்றியதன்று, பணத்தைப் பற்றியது. இன்னும் ஐந்தாண்டுப் படிப்பா? அதற்கு யார் செலவு செய்வது? தம்பி தங்கையரை யார் பார்ப்பது? இவ்வினாக்கள் நியாயமானவை. இவற்றுக்கு உணர்ச்சியால் அன்றிக் கணக்கினால் விடை கூற முடியும் என்பதை எரிசக்தித் துறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் களைய வேண்டிய ஐயம்

முனைவர் பட்டம் என்பதும் இளங்கலை, முதுகலை போல மாணவர் கட்டணம் செலுத்திப் பெறும் படிப்பே என்ற எண்ணம் நம் குடும்பங்களில் பரவலாக உள்ளது. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளைப் பொறுத்தவரை இது சரியன்று. முழுநேர ஆய்வாளர் ஒருவகையில் பணியாளரே. அவர் செய்யும் ஆய்வுக்காக அவருக்கு மாதந்தோறும் நல்கை வழங்கப்படுகிறது.

அந்நல்கையின் அளவு எவ்வளவு? மத்திய அரசு 2023 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய விகிதப்படி, இளநிலை ஆய்வாளருக்கு (ஜே.ஆர்.எஃப்.) மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுகளுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராக உயர்ந்ததும் மாதம் 42,000 ரூபாய். விடுதி கிடைக்காதோருக்கு வீட்டு வாடகைப்படி தனி. முதல் இரண்டாண்டுக்கு 8 லட்சத்து 88 ஆயிரம், அடுத்த மூன்றாண்டுக்கு 15 லட்சத்து 12 ஆயிரம் எனக் கூட்டினால் ஐந்தாண்டில் கிடைப்பது சரியாக 24 லட்சம் ரூபாய். கணினி நிறுவனங்களில் சிலர் பெறும் ஊதியத்தோடு ஒப்பிட இது குறைவாக இருக்கலாம். ஆயினும் ஒரு சிறு குடும்பம் கண்ணியமாக வாழப் போதுமானது. 'ஐந்தாண்டு வருவாயின்றி இருக்க வேண்டும்' என்ற அச்சத்துக்கு இக்கணக்கே விடையாகும்.

எனவே கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ முழுநேர முனைவர் படிப்பில் சேர வேண்டிய நிலை ஒருவருக்கு ஏற்பட்டால், அவர் தவறான வாயிலில் நிற்கிறார் என்றே கொள்ள வேண்டும். சரியான வாயில் எது என்பதே நாம் அறிய வேண்டியது.

ஏன் எரிசக்தி?

2005 ஆகஸ்டு 14 அன்று நாட்டு மக்களுக்கு ஆற்றிய சுதந்திர தின உரையில் அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம், 2030ஆம் ஆண்டுக்குள் இந்தியா எரிசக்தியில் தற்சார்பு அடைய வேண்டும் என்ற இலக்கை முன்வைத்தார். இருபதாண்டுகளுக்குப் பின்னும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை நாடு இறக்குமதியே செய்கிறது. எனினும் சூரிய ஒளியும் காற்றும் மின்சாரம் தரும் முதன்மை வழிகளாக வளர்ந்துவிட்டன. தமிழகத்தில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அக்காலத்தில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகப் பேசப்பட்டது. பசுமை ஹைட்ரஜனுக்கென 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய இயக்கத்தின் ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய்; அதில் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்குமென 400 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நிதி செல்லும் திசையில் ஆய்வு இடங்களும் பெருகும் என்பது இயல்பு.

இத்துறையில் ஆய்வாளர் செய்வதுதான் என்ன? இயற்கை ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எல்லையை விதித்துள்ளது. நாம் செய்யும் கருவி அவ்வெல்லையை இன்னும் எட்டவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியே ஆய்வாளரின் விளைநிலம்.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். வீசும் காற்றின் ஆற்றலில் அதிக அளவாக 59.3 விழுக்காட்டை மட்டுமே ஒரு காற்றாலை கவர இயலும் என்பது பெட்ஸ் விதி. சிலிக்கானால் ஆன சூரிய மின்கலத்தின் கோட்பாட்டு எல்லை ஏறத்தாழ 29 விழுக்காடு. நம் வீட்டுக் கூரைகளில் பொருத்தப்படும் தகடுகள் தருவது 20 விழுக்காட்டையொட்டியே அமைகிறது. நீரை மின்சாரத்தால் பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பெறக் கோட்பாட்டளவில் 39 யூனிட் மின்சாரம் போதும்; நடைமுறையில் 50 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. அந்த மிகுதி யூனிட்டுகள் வெப்பமாக வீணாகின்றன. மின்வாயின் மேற்பூச்சை மாற்றினால் குறையுமா, சவ்வை மாற்றினால் குறையுமா என்று தேடுவதே ஒரு முனைவர் பட்ட ஆய்வாக அமையும். லித்தியம் மின்கலத்துக்கு மாற்றாகக் கடல் உப்பில் மிகுந்துள்ள சோடியத்தைக் கொண்டு மின்கலம் செய்ய இயலுமா என்பது உலகெங்கும் இன்று ஆராயப்படும் மற்றொரு வினா.

ஆகவே இது பொறியாளருக்கு மட்டும் உரிய துறை என்று எண்ணுதல் கூடாது. வேதியியல் பயின்றோர்க்கு மின்கலமும் ஹைட்ரஜனும் உண்டு. இயற்பியலார்க்கு மென்படலச் சூரியக்கலம் உண்டு. மின்னியலார்க்கு மின் கட்டமைப்பும், இயந்திரவியலார்க்கு வெப்பமும் எரிதலும் உண்டு. காற்று நாளை எவ்வளவு வீசும், மாலையில் ஊர் எவ்வளவு மின்சாரம் கேட்கும் என முன்கணிப்பது கணிதவியலார்க்கும் கணினியியலார்க்கும் உரிய பணி. மின் கட்டணமும் மானியமும் பற்றிய ஆய்வு பொருளியலாருக்குக் காத்திருக்கிறது.

மூடப்பட்ட ஒரு வாயில்

நிதியுதவியைப் பற்றிப் பேசும்போது நம் சமுதாயத்தில் உடனே எழும் பெயர் மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை. முஸ்லிம்களின் சமூக, பொருளாதார, கல்வி நிலையை ஆராய 2005இல் அமைக்கப்பட்ட நீதிபதி ராஜேந்திர சச்சார் குழு 2006இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் தொடர்ச்சியாக எடுக்கப்பட்ட நடவடிக்கைகளுள் ஒன்றாக, அறிவிக்கப்பட்ட சிறுபான்மைச் சமயத்தைச் சேர்ந்த ஆய்வாளர்க்கென 2009இல் இத்திட்டம் தொடங்கப்பட்டது. 2014-15 முதல் 2021-22 வரையிலான ஆண்டுகளில் மட்டும் 6,722 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, 738.85 கோடி ரூபாய் வழங்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அதே விடையில், 2022 டிசம்பரில், பிற உதவித்தொகைத் திட்டங்களோடு இது மேற்படிவதாகக் காரணம் கூறப்பட்டு, 2022-23 முதல் புதியவர்களுக்கு இத்திட்டம் நிறுத்தப்படுவதாகவும் அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் வழங்கிய 'படோ பர்தேஷ்' திட்டமும் அவ்வாண்டே நின்றது.

இது பெரும் இழப்பே. ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. 'நமக்கென இருந்தது போயிற்று, இனி வழியில்லை' என்று முடிவுகட்டி, எல்லார்க்கும் பொதுவாகத் திறந்திருக்கும் வாயில்களை நம் பிள்ளைகள் தட்டாமலே திரும்புவதுதான் அது. இன்னும் சிலர் பழைய குறிப்பேடுகளைப் பார்த்து, இல்லாத திட்டத்தை நம்பி ஓராண்டைக் கழித்துவிடுகின்றனர்.

திறந்திருக்கும் வாயில்கள்

முதலாவது, கேட் தேர்வு. பொறியியல் பயின்றோர்க்கும் அறிவியல் முதுகலையினர் பலர்க்கும் இது பொருந்தும். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பிப்ரவரியில் நடத்துகின்றன. இதன் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். இம்மதிப்பெண்ணும் நேர்காணலும் கொண்டு ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் சேர்வோர்க்கு நாம் மேலே கணக்கிட்ட நல்கையை அந்நிறுவனமே வழங்குகிறது. வகுப்புகளிலும் ஆய்வகங்களிலும் வாரத்தில் சில மணி நேரம் உதவுதல் அதற்குரிய கடமை.

இரண்டாவது, நெட் தேர்வு. வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல், புவியியல்சார் அறிவியல் ஆகியவற்றுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட்டும், பொருளியல் உள்ளிட்ட பிற பாடங்களுக்கு யு.ஜி.சி. நெட்டும் உரியவை. இதில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றவர் தம் நல்கையைக் கையோடு கொண்டு செல்கிறார். எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் அது அவரைத் தொடரும். நெறியாளரிடம் நிதி உண்டா என்று அவர் தயங்கத் தேவையில்லை. 2024 முதல், ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிடினும் நெட் மதிப்பெண்ணை ஓராண்டுக்குள் முனைவர் பட்டச் சேர்க்கைக்குப் பயன்படுத்த யு.ஜி.சி. வழிசெய்துள்ளது. நேர்காணலுக்கு 30 விழுக்காடும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் கணக்கிடப்படும்.

மூன்றாவது வாயிலை நம்மவர் பலர் அறியார். இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கான தேசிய ஆய்வு உதவித்தொகையில் ஆண்டுக்கு 1,000 இடங்கள் உள்ளன. யு.ஜி.சி. நெட் எழுதியோர்க்கு 750, சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதியோர்க்கு 250 என அவை பகுக்கப்பட்டுள்ளன. தமிழக முஸ்லிம்களுள் பெரும்பிரிவினரான லெப்பை, இராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மத்திய அரசின் பட்டியலில் இடம்பெற்றோரே. ஏனையோர் தத்தம் பிரிவின் பெயர் அப்பட்டியலில் உள்ளதா எனப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத்தில் கொள்ளுதல் இன்றியமையாதது. 2007இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளித்ததிலிருந்து 'பி.சி. முஸ்லிம்' சான்றிதழ் நம் இல்லங்களில் உள்ளது. அது மாநிலத்துக்குரியது. மத்திய அரசின் தேர்வுக்கும் நல்கைக்கும் அது செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவைச் சேராதவர் என வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியே பெற வேண்டும். அதற்குரிய வருமான வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். இச்சான்றிதழ் இருந்தால் வயது வரம்பிலும் தகுதி மதிப்பெண்ணிலும் சலுகை உண்டு. விண்ணப்பத்தின் இறுதி நாளில் இதைத் தேடி அலைந்து, பொதுப்பிரிவில் எழுதித் தோற்றோர் உண்டு. தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் நாளிலேயே சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுதல் அறிவுடைமை.

நான்காவது, சிறப்பு நல்கைகள். 2018இல் தொடங்கிய பிரதமரின் ஆய்வு நல்கையில் முதல் இரண்டாண்டு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, அதன்பின் 80,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. ஆய்வுச் செலவுக்கென ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வேறு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஐந்தாண்டுகளில் 10,000 நல்கைகள் என்று இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. இதற்கான போட்டி கடுமையானது. பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்ற முதுகலை மாணவர்க்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர்' நல்கை உண்டு.

ஐந்தாவது, திட்ட நிதியில் பணி. பேராசிரியர் ஒருவர் அரசு நிறுவனத்திடமோ தொழில் நிறுவனத்திடமோ ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி பெறும்போது, அதில் உதவி ஆய்வாளரை அமர்த்திக்கொள்கிறார். அப்பணியில் இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய இயலும். திட்டம் மூன்றாண்டில் முடிந்துவிடும், ஆய்வேடு முடியாது என்பதே இதிலுள்ள இடர். ஆதலால் இடையில் நெட் அல்லது கேட் தேர்வை எழுதிக்கொள்ளுதல் நலம்.

பெண்களுக்கெனச் சில வசதிகள் உள்ளன. நெட் நல்கையின் வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. 2022ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு அதிக அளவாக ஆறாண்டு. மறுபதிவால் மேலும் இரண்டாண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டாண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்கென 240 நாள் வரை விடுப்பும் உண்டு. திருமணத்தால் படிப்பை இடையில் நிறுத்தியவர் மீண்டும் வருவதற்கு உதவ, 27 முதல் 45 வயது வரையுள்ள பெண்களுக்கு 'வைஸ் பி.எச்டி.' என்னும் திட்டத்தை அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்துள்ளது. 'பெண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது' என்று சொல்வோர் இவ்விதிகளைப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

அருகிலுள்ள ஆய்வகங்கள்

வாயில்களை அறிந்தபின், அவை எங்கே திறக்கின்றன என்று காண வேண்டும். வேலப்பன்சாவடியில் வாழும் மாணவர், வீட்டிலிருந்து நாளும் சென்று திரும்பக்கூடிய தொலைவிலேயே நாட்டின் சிறந்த எரிசக்தி ஆய்வகங்கள் சில உள்ளன. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எரிசக்தி ஆய்வு நிறுவனம் உள்ளது. அதையடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் மின்கலம், சூரிய ஆற்றல், மின்னணுச் சக்தி மாற்றிகள் ஆகியவற்றோடு, எரிதல் பற்றிய தேசிய ஆய்வு மையமும் இயங்குகிறது. தரமணியில் ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் எரிபொருள் கலத் தொழில்நுட்ப மையம் அமைந்துள்ளது. அருகிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். வளாகத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் சென்னைப் பிரிவு உள்ளது. பள்ளிக்கரணையில் 1998இல் தொடங்கப்பெற்ற தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. அது பட்டம் வழங்கும் நிறுவனமன்று. ஆனால் காற்றாலை பற்றி ஆராய்வோர் அதன் தரவுகளைத் தவிர்க்க இயலாது. வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரகுமான் கிரசென்ட் நிறுவனம் உள்ளது. இன்னும் தெற்கே கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், ஹோமி பாபா தேசியக் கழகத்தின் வழியாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வாளரைச் சேர்க்கிறது.

காரைக்குடி ஆய்வகத்தின் பிறப்பைச் சற்று நினைவுகூர்தல் தகும். டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் நன்கொடையாக அளிக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் அது திறக்கப்பட்டது. இன்று மின்கல ஆய்வில் நாட்டின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாக விளங்குகிறது. தனியொருவரின் கொடை ஆய்வுக்குச் சென்றால் அதன் பயன் எத்தனை தலைமுறைக்கு நீளும் என்பதற்கு இது சான்று. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் சேர்வோர் 'அக்சிர்' எனப்படும் அறிவியல் புத்தாக்க ஆராய்ச்சிக் கழகத்தின் வழியே பட்டம் பெறுகின்றனர்.

கடல் கடந்த வாய்ப்புகள்

உள்நாட்டு நல்கைகளைப் போலவே வெளிநாட்டிலும் அறிவியல் ஆய்வாளர் ஊதியம் பெறுபவரே. ஜெர்மனியில் பெரும்பாலான முனைவர் ஆய்வு இடங்கள் பல்கலைக்கழகப் பணியிடங்களாகவே விளம்பரம் செய்யப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் ஆய்வு இணையங்களில் எந்நாட்டவரும் சேரலாம். கடந்த 36 மாதங்களில் அந்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது என்பதே முக்கிய நிபந்தனை. மின்கலமும் ஹைட்ரஜனும் அவ்விணையங்களில் அடிக்கடி இடம்பெறும் பொருள்கள்.

நம்மவர்க்கு நன்கு அறிமுகமான வளைகுடாவிலும் இப்போது ஆய்வு இடங்கள் உள்ளன. சவூதி அரேபியாவின் துவலில் 2009இல் தொடங்கிய மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், முனைவர் பட்ட மாணவர்க்குக் கட்டணமின்றிக் கல்வியும், வாழ்க்கைப்படியும், தங்குமிடமும் அளிக்கிறது. அபுதாபியில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கென நிறுவப்பட்ட மஸ்தர் கழகம் 2017இல் கலீஃபா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, உறுப்பு நாடல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் சமுதாய மாணவர்க்கு 1983 முதல் உதவித்தொகை வழங்கிவருகிறது. இந்தியா அவ்வகை நாடுகளுள் ஒன்று. எண்ணெய் வயல்களுக்கு நம் தந்தையர் உழைக்கச் சென்ற நிலங்கள், எண்ணெய்க்குப் பிந்திய காலத்தை ஆராய நம் பிள்ளைகளை அழைக்கின்றன. இத்திட்டங்களின் விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அவ்வவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

விழிப்போடு இருக்க வேண்டியவை

நல்கை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஆய்வின் வெற்றி பெரும்பாலும் நெறியாளரைப் பொறுத்தது. அவரிடம் முன்னர் ஆய்வு செய்தோர் எத்தனை ஆண்டில் முடித்தனர், இப்போது எங்கே இருக்கின்றனர் என்று விசாரித்தல் வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்துள்ள 'சோத்கங்கா' களஞ்சியத்தில் அவர் வழிகாட்டிய ஆய்வேடுகளை எவரும் இலவசமாகப் படிக்கலாம். திருமணத்துக்கு முன் இரு குடும்பத்தாரும் விசாரிப்பது போன்ற அக்கறை இதற்கும் தேவை.

சென்னையின் மேற்குப் பகுதியிலுள்ள தனியார் கல்லூரிகளில் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே பகுதிநேர ஆய்வு செய்வோர் பலர். அவர்களுக்கு நல்கை இல்லை, கட்டணம் உண்டு, நேரமும் குறைவு. இவ்வழி தவறன்று. ஆனால் ஆய்வகக் கருவிகள் இன்றி எரிசக்தித் துறையில் சோதனை ஆய்வு செய்தல் அரிது. கணினி வழிப் போன்மம், தரவுப் பகுப்பாய்வு போன்றவற்றைத் தேர்ந்துகொள்ளுதல் அவர்களுக்கு ஏற்றது. நிறுவனமே நல்கை தருவதாகக் கூறுமானால் தொகை, காலம், கற்பித்தல் கடமை ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று, பணம் பெற்றுக்கொண்டு ஆய்வேடு எழுதித் தருவோரும், பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் பெருகியுள்ளனர். பிறர் எழுதியதைத் தம் பெயரால் அளித்துப் பெறும் பட்டமும் அதனால் பெறும் ஊதியமும் ஹலாலா என்பதை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும். 2022 விதிகள் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிடுவதைக் கட்டாயமாக்கவில்லை என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. பல்கலைக்கழகம் தனியே விதித்தால் மட்டும் அது தேவைப்படும்.

விடுபட்ட ஓராண்டு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சேர்ந்தபின் ஐந்தாண்டுக்கும் பணம் உண்டு. சேருமுன் உள்ள ஓராண்டுக்குத்தான் எவரும் பணம் தருவதில்லை. கேட், நெட் தேர்வுகளுக்கு முழுமனத்தோடு படிக்க முதுகலைக்குப் பின் ஓராண்டு தேவைப்படும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அவ்வோராண்டைப் பெறுகிறது. வசதியற்ற வீட்டுப் பிள்ளை கிடைத்த வேலையில் சேர்ந்துவிடுகிறது. மீண்டும் நூலைத் தொடுவதேயில்லை. சேர்ந்த பின்னரும் முதல் நல்கை கைக்கு வரச் சில மாதங்கள் ஆவதுண்டு. அந்த இடைவெளியில் படிப்பை விட்டோரும் உளர்.

இந்த இடைவெளியை நிரப்ப வல்லது சமுதாயமே. மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாணவர்க்கு ஓராண்டுக்கு ஆகும் செலவு 1 லட்சத்து 20 ஆயிரம். அது திறக்கும் வாயிலின் மதிப்பு, நாம் முன்பு கணக்கிட்டவாறு, 24 லட்சம். ஒரு ஜமாஅத்தோ சில நண்பர்களோ இணைந்து ஆண்டுக்கு இருவரையேனும் இவ்வாறு தாங்க முடியாதா? தேர்ச்சி பெற்று நல்கை பெறத் தொடங்கியவர் அத்தொகையை அடுத்து வருபவருக்காகத் திருப்பித் தரும் வகையில் அழகிய கடனாகவும் இதை அமைக்கலாம். ஐந்தாண்டில் ஒரு சிறு நிதி தானே சுழலத் தொடங்கும். ஜகாத்தை இதற்குச் செலவிடும் முறை பற்றி உலமாக்கள் வழிகாட்டட்டும். சதகாவுக்கும் வக்ஃபுக்கும் அத்தகைய தயக்கம் தேவையில்லை.

இது நமக்குப் புதியதும் அன்று. பதினோராம் நூற்றாண்டில் நிஜாமுல் முல்க் நிறுவிய பக்தாத் நிஜாமிய்யா, மாணவர்க்கு உணவும் உறைவிடமும் படியும் வக்ஃப் வருவாயிலிருந்தே வழங்கியது. ஒளியைக் குவித்து வெப்பமூட்டும் ஆடிகளைப் பற்றி ஆராய்ந்த இப்னுல் ஹைதம், கெய்ரோவில் கணித நூல்களைப் படியெடுத்து விற்று அவ்வருவாயில் வாழ்ந்ததாக வரலாற்றாசிரியர் கூறுவர். தாங்குவார் இல்லாத இடத்தில் அறிஞர் தம் நேரத்தைப் பிழைப்புக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. நம் காலத்திலும், முனைவர் ஆய்வு செய்தவரல்லர் எனினும், அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அவர்தம் தமக்கையார் தம் நகையை அடகு வைத்து உதவினார். நாடே அறிந்த ஒரு வாழ்க்கை, தக்க நேரத்தில் கிடைத்த அந்தச் சிறு தொகையில் தொடங்கியது.

தமிழக முஸ்லிம்கள் வாணியம்பாடியிலும் திருச்சியிலும் சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் கல்லூரிகளை எழுப்பி முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கினர். அப்பட்டதாரிகளின் பிள்ளைகளை ஆய்வறிஞராக்குதல் அடுத்த கட்டப் பணி. அதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. ஒரு பட்டியலும் ஒரு சிறு நிதியும் போதும். முதுகலை இறுதியாண்டில் பயிலும் பிள்ளைகளின் பெயரைப் பள்ளிவாசல்தோறும் குறித்துவைப்பதும், ஓ.பி.சி. சான்றிதழ் உள்ளதா எனக் கேட்பதும், கேட் விண்ணப்பம் ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் தொடங்கும்போது நினைவூட்டுவதும், ஓராண்டுச் செலவை ஏற்பதும் எவருக்கும் இயலாத பணிகள் அல்ல. வழிப்போக்கர்க்குச் சாவடி கட்டியோர், அவர் எந்த ஊருக்குச் செல்கிறார் என்று பார்த்துக் கட்டவில்லை. இரவில் அவர் நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்றே கட்டினர். கல்வி வழியில் நடுவில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு அத்தகைய சாவடியொன்றை அமைப்பது நம் அனைவரின் பொறுப்பாகும்.